பெட்ரோல், டர்போ, டீசல், சிஎன்ஜி: எஞ்சின் திறனை எந்த எண்ணை வைத்து ஒப்பிடுவது?

கார் வாங்கப் போகிறவர்கள் பலரும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். கையில் இரண்டு விவரத்தாள்கள். ஒன்றில் 105 பிஎஸ், 140 நியூட்டன் மீட்டர். இன்னொன்றில் 110 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர். குதிரைத்திறன் (பிஎஸ்) கிட்டத்தட்ட ஒன்றுதான், டார்க் (எஞ்சினின் சுழற்றும் விசை, நியூட்டன் மீட்டரில்) மட்டும் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. இதில் எது வலுவான வண்டி?

"டார்க் என்றால் இழுவை, பிஎஸ் என்றால் வேகம்" என்று யாராவது சொல்லி முடித்துவிடுவார்கள். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் முடிவெடுக்க உதவாது. விவரத்தாளில் அச்சாகும் இரண்டு எண்களுமே உச்ச அளவுகள். ஏதோ ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில், ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் மட்டுமே அவை கிடைக்கும். நாம் அன்றாடம் ஓட்டும் வேகத்தில் அந்த எஞ்சின் எவ்வளவு திறன் தருகிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. அதை நாமே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

## எதை வைத்து எடைபோடுவது

நான்கு எஞ்சின்களை ஒப்பிடப் போகிறேன்: டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத பெட்ரோல், டர்போ பெட்ரோல், டர்போ டீசல், சிஎன்ஜி (அழுத்திய இயற்கை எரிவாயு). நான்குக்கும் ஒரே கேள்விகள்.

முதல் கேள்வி, 1500 முதல் 2500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது) வரை அது எவ்வளவு திறன் தருகிறது. ஊருக்குள் ஓடும் வண்டி பெரும்பாலும் அந்த எல்லைக்குள்தான் சுற்றுகிறது. இதற்கே நான் அதிக எடை கொடுக்கிறேன். அடுத்தது சுமை: ஐந்து பேர், டிக்கி நிறையப் பெட்டிகள், ஏற்றம், ஏசி எல்லாம் சேரும்போது என்ன ஆகிறது? அப்புறம் ஒருமுறை எடுத்தால் எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள் என்பது. எரிபொருளைத் தேர்ந்தெடுப்பதில் பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். கடைசியாக, விவரத்தாளில் இல்லாத செலவுகள்.

## ஒரு சின்னக் கணக்கு

திறன் என்பது டார்க்கையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கினால் வருவது. நியூட்டன் மீட்டரில் உள்ள டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 9549-ஆல் வகுத்தால் கிலோவாட். 7023-ஆல் வகுத்தால் பிஎஸ். இதைத் தெரிந்துகொண்டால் விவரத்தாளை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

சைக்கிளில் பெரிய கியரைப் போட்டுப் பெடலை மெதுவாக, அழுத்தி மிதிக்கலாம். சின்ன கியரில் லேசாக, வேகமாகவும் மிதிக்கலாம். இரண்டிலும் சைக்கிள் ஒரே வேகத்தில் போக முடியும். எஞ்சினும் அப்படித்தான் இரண்டு வழிகளில் ஒரே திறனைத் தரும்.

இந்த இரண்டு வழிகளின் எல்லைகளையும் பார்த்தால் புரியும். 2009 முதல் 2013 வரை ஃபார்முலா 1 கார்களில் இருந்த 2.4 லிட்டர் எஞ்சின்களுக்கு 18,000 ஆர்பிஎம் என்று விதி எல்லை வைத்திருந்தது. அவை சுமார் 750 குதிரைத்திறன் தந்தன. ஆனால் அந்த வேகத்தில் அவற்றின் டார்க் 300 நியூட்டன் மீட்டருக்குள்தான். இன்றைய குடும்ப டீசல் கார்கள் சிலவற்றிலேயே அவ்வளவு உண்டு. மறுபக்கம், 2006-இல் ஓடத் தொடங்கிய எம்மா மேர்ஸ்க் சரக்குக் கப்பலின் 14 சிலிண்டர் டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 102 சுற்றுதான் சுற்றும். அதில் கிடைப்பது 80,080 கிலோவாட். கணக்குப் போட்டால் டார்க் 75 லட்சம் நியூட்டன் மீட்டரை ஒட்டி வருகிறது.

இதில் கியர்பாக்ஸுக்கும் பங்குண்டு. எஞ்சின் தரும் டார்க்கைக் கியர் பெருக்கித்தான் சக்கரத்துக்கு அனுப்புகிறது. எனவே டார்க் குறைவான எஞ்சினையும் வேகமாகச் சுழலவிட்டுச் சின்ன கியரில் ஓட்டினால், சக்கரத்தில் அதே இழுவை வரும். கியர் டார்க்கைத்தான் கூட்டும், திறனைக் கூட்டாது. ஆகவே சாலையில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் போகும்போது கிடைக்கும் இழுவையைத் தீர்மானிப்பது அந்த நொடியில் எஞ்சின் தரும் திறன்தான்.

## எரிபொருளை விடக் காற்று முக்கியம்

டீசலில் சக்தி அதிகம், அதனால்தான் டீசல் வண்டி இழுக்கிறது என்று பரவலாக நம்புகிறார்கள். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல், ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் என்பது சரிதான். மைலேஜில் அது தெரியும். ஆனால் எஞ்சினின் திறனுக்கு எல்லை போடுவது எரிபொருள் அல்ல, காற்று. எரிபொருளை எவ்வளவு வேண்டுமானாலும் பீய்ச்சலாம். அதை எரிக்கத் தேவையான காற்றைச் சிலிண்டருக்குள் அடைப்பதுதான் கஷ்டம்.

ஒரு கிலோ பெட்ரோலை முழுதாக எரிக்க 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும், சிஎன்ஜியின் பெரும்பகுதியான மீத்தேனுக்கு 17 கிலோவுக்கு மேல் தேவை. ஒரு கிலோவில் உள்ள வெப்பம் மூன்றுக்கும் மூன்று விதம். ஆனால் ஒரு கிலோ காற்றுக்கு எவ்வளவு வெப்பம் கிடைக்கிறது என்று பார்த்தால் எல்லாமே 3 மெகாஜூலை ஒட்டியே வருகின்றன. டீசலும் அதே அளவுதான்.

அப்படியானால் எரிபொருள் எதை மாற்றுகிறது? காற்றை எவ்வளவு அழுத்தலாம், எரிதல் எவ்வளவு வேகமாக முடிகிறது, அதனால் எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுழல முடியும் என்பதையெல்லாம் மாற்றுகிறது. நான்கு எஞ்சின்களுக்கும் உள்ள வித்தியாசம் இங்கிருந்துதான் பிறக்கிறது.

## நான்கையும் ஒரே பலகையில்

கீழே உள்ளவை எந்த ஒரு மாடலின் எண்களும் அல்ல. இந்த அளவு எஞ்சின்களில் பொதுவாகக் காணும் டார்க்கை எடுத்து, மேலே சொன்ன கணக்கில் போட்டது. டார்க் நியூட்டன் மீட்டரில், மற்றவை பிஎஸ் அளவில், எல்லாம் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்த நிலையில்.

| எஞ்சின் | உச்ச டார்க் | 1500 ஆர்பிஎம்மில் | 2000-இல் | 4000-இல் | உச்சத் திறன் |
|---|---|---|---|---|---|
| 1.5 லிட்டர் பெட்ரோல், டர்போ இல்லை | 140 | 25 | 36 | 79 | 105 (6000-இல்) |
| 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் | 170 | 28 | 48 | 97 | 115 (5500-இல்) |
| 1.5 லிட்டர் டர்போ டீசல் | 250 | 43 | 71 | 110 | 110 (4000-இல்) |
| முதல் எஞ்சினே சிஎன்ஜியில் | 123 | 22 | 31 | 69 | 92 (6000-இல்) |

கடைசி நிரலை மட்டும் பார்த்தால் முதல் மூன்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. 2000 ஆர்பிஎம் நிரலைப் பாருங்கள்: டீசல் பெட்ரோலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ஆனால் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே ஆர்பிஎம்மில் வைத்து ஒப்பிடுவது டீசலுக்குச் சாதகமானது. டீசல் வண்டிக்குக் கியர்களைப் பெரியதாக வைப்பார்கள், அதனால் அதே சாலை வேகத்தில் அது மெதுவாகச் சுழலும். மூன்றாவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் பெட்ரோல் 2000-இல் சுழன்றால் டீசல் 1600 வாக்கில் இருக்கும். அங்கே டீசலிடம் இருப்பது 49 பிஎஸ் அளவுதான், 71 அல்ல. முன்னிலை இருக்கிறது, ஆனால் இரண்டு மடங்கு இல்லை.

இன்னொரு கணக்கையும் போட்டுவிடலாம். ஆட்களோடு சேர்த்து 1600 கிலோ எடையுள்ள கார், நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் உயரும் ஏற்றத்தில், 40 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டும். சக்கரத்தில் சுமார் 27 பிஎஸ் வேண்டும். கியர்பாக்ஸில் போகும் இழப்பையும் சேர்த்தால் எஞ்சின் 30 தர வேண்டும். 1500 ஆர்பிஎம்மிலேயே ஏற முயன்றால் டீசலைத் தவிர மற்ற மூன்றும் திணறும். கியரை இறக்கி 2000-க்குக் கொண்டுவந்தால் பெட்ரோல் ஏறிவிடும், டர்போ பெட்ரோல் சுலபமாகவே ஏறும். சிஎன்ஜி விளிம்பில் நிற்கும். ஏசி போட்டிருந்தால் அதுவும் போதாது, இன்னும் ஒரு கியர் இறக்க வேண்டும்.

இறக்கினால் எல்லா வண்டியும் ஏறும் என்பதை மறக்க வேண்டாம். கியர் மாற்றுவதும் எஞ்சின் சத்தமும் உங்களுக்குத் தொந்தரவா என்பதே கேள்வி.

## டர்போ இல்லாத பெட்ரோல்

காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் எஞ்சின் இது. ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு 100 நியூட்டன் மீட்டர் கிடைத்தால் அது நல்ல எஞ்சின், அதற்குமேல் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. பெட்ரோல் வேகமாக எரிவதால் 6000 சுற்றுக்கு மேலும் தாங்கும். திறன் முழுக்க மேலே, அதிக ஆர்பிஎம்மில்தான் இருக்கிறது. வண்டி வேகமாகப் போக வேண்டுமென்றால் எஞ்சினைக் கத்தவிடத் தயங்கக் கூடாது. சத்தத்துக்குப் பயந்து 2500-க்குள் ஓட்டுகிறவருக்கு இந்த எஞ்சினின் பாதித் திறன்கூடக் கிடைக்காது.

மறைந்திருக்கும் குறை ஒன்று, உயரம். கடல் மட்டத்தைவிட 2000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் 18 சதவீதம் குறைவு. திறனும் ஏறக்குறைய அதே அளவு குறையும். மலைப்பகுதியில் வசிப்பவர்கள் பலகையில் உள்ள 36-ஐ 30 என்று படித்துக்கொள்வது நல்லது.

மற்றபடி பராமரிப்பில் இதைப் போல நிம்மதியானது வேறில்லை. டர்போ இல்லை, அதிக அழுத்த பம்ப் பெரும்பாலும் இல்லை, தினமும் மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டினாலும் கோபித்துக்கொள்ளாது. குறைந்த தூரம், சமவெளி, இரண்டு மூன்று பேர் என்று இருப்பவர்கள் வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

## டர்போ பெட்ரோல்

எக்ஸாஸ்ட் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழன்று, காற்றை அழுத்திச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் எரிபொருளும் கூடலாம், டார்க்கும் கூடும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூச்சி 1905-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். சின்ன கார்களில் இது பரவலானது வெகுகாலம் கழித்துத்தான்.

பலகையில் 1500-க்கும் 2000-க்கும் நடுவே 28-லிருந்து 48-க்குத் தாவுகிறது பாருங்கள். அந்தத் தாவல்தான் இந்த எஞ்சினின் குணம். டர்போவுக்குப் போதுமான புகை வருவதற்கு முன் இது வெறும் ஒரு லிட்டர் எஞ்சின். நெரிசலில் ஊர்ந்து, ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கும்போது வண்டி ஒரு நொடி யோசித்துவிட்டுக் கிளம்புவது போல இருக்கும். நெடுஞ்சாலையில் ஓவர்டேக் செய்யும்போது அந்தக் குறை மறைந்துபோகிறது. சரியாக டியூன் செய்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இருந்தால் ஊருக்குள்ளும் பெரும்பாலும் தெரியாது.

மறைமுகச் செலவு மைலேஜில் இருக்கிறது. மெதுவாக ஓட்டினால் சின்ன எஞ்சினின் சிக்கனம், மிதித்து ஓட்டினால் பெரிய எஞ்சினின் செலவு. அதிக அழுத்தத்தில் நாக்கிங் (கலவை தானாகவே, நேரம் தவறி வெடிப்பது) வராமலிருக்கக் கலவையைக் குளிர்விக்க வேண்டியிருக்கும்போது சில எஞ்சின்கள் கூடுதலாகவே பெட்ரோலைப் பீய்ச்சும். அதனால் இருவேறு ஓட்டுநர்களிடம் ஒரே வண்டி நம்ப முடியாத அளவு வேறுபட்ட மைலேஜ் தரும். ஆயிலில் கஞ்சத்தனம் கூடாது. டர்போவின் அச்சு அந்த ஆயிலில்தான் மிதக்கிறது. கம்பெனி சொன்ன வகை ஆயிலை, சொன்ன காலத்துக்குள் மாற்றியே ஆக வேண்டும். குறைந்த ஆர்பிஎம்மில், பெரிய கியரில், ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கும் பழக்கம் டீசலிலிருந்து வருகிறவர்களிடம் உண்டு. டர்போ பெட்ரோலில், குறிப்பாக நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் வகைகளில், அது பிஸ்டனுக்கே ஆபத்து. கியரை இறக்கிவிட்டு மிதியுங்கள்.

உயரமான ஊர்களுக்கு இது நல்ல தேர்வு. காற்றின் குறைவைப் பெருமளவு டர்போ ஈடுகட்டிவிடும்.

## டர்போ டீசல்

டீசலின் பலம் டீசலில் இல்லை, டர்போவில் இருக்கிறது. டர்போ இல்லாத பழைய 1.5 லிட்டர் டீசல்கள் 100 நியூட்டன் மீட்டரைத் தொடவே சிரமப்பட்டன, அதே அளவு பெட்ரோலை விடக் குறைவு. காரணம், டீசல் சிலிண்டருக்குள் பீய்ச்சியபின் அங்கேயே காற்றோடு கலந்து எரிகிறது. முழுதாகக் கலக்க நேரம் போதாது. உள்ள காற்றை எல்லாம் பயன்படுத்த முயன்றால் கரும்புகை வரும்.

ஆனால் சிலிண்டரில் முதலில் அழுத்துவது வெறும் காற்றை மட்டுமே. பெட்ரோலைப் போல முன்கூட்டியே பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. அதனால் டர்போவை வைத்து எவ்வளவு காற்றை அடைத்தாலும் நாக்கிங் பயம் இல்லை, எஞ்சினின் உறுதி தாங்கினால் போதும். டீசலுக்கும் டர்போவுக்கும் பொருத்தம் அமைவது இப்படித்தான். அந்த உறுதிக்காகப் பிஸ்டன், கிராங்க் எல்லாம் கனமாகின்றன. கனமும், மெதுவான எரிதலும் சேர்ந்து சுழற்சி வேகத்தை 4500 அருகே நிறுத்திவிடுகின்றன. பலகையில் 4000-க்குப் பிறகு டீசலுக்கு எண்ணே இல்லாததன் காரணம் இதுதான்.

மைலேஜில் இதுவே முன்னணி. ஒரு லிட்டரில் உள்ள கூடுதல் வெப்பம் ஒரு பகுதி. காற்றை அடைத்து மறிக்கும் திராட்டில் இல்லாமல் ஓடுவதும் அதிக அழுத்த விகிதமும் (சிலிண்டருக்குள் காற்றை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பது) மீதிப் பகுதி. பாதி ஆக்சிலரேட்டரில் நாள் முழுக்க ஓடும்போதுதான் இந்த லாபம் நன்றாகத் தெரியும்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? புகைக்குழாயில் உள்ள கரி வடிகட்டியில். டிபிஎஃப் என்பார்கள். அதில் சேரும் கரியை எரித்துத் தள்ள எஞ்சின் நன்றாகச் சூடேறி, சீரான வேகத்தில் கால் மணி நேரமாவது ஓட வேண்டும். தினமும் பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் போய்வரும் வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது. வடிகட்டி அடைத்துக்கொள்ளும், எச்சரிக்கை விளக்கு எரியும், எஞ்சின் தன் திறனைத் தானே குறைத்துக்கொள்ளும். மாற்றுவது சின்னச் செலவல்ல. டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் 1600 பாருக்கு (ஒரு பார் ஏறக்குறைய காற்றுமண்டல அழுத்தம்) மேற்பட்ட அழுத்தத்தில் வேலை செய்பவை. தண்ணீரோ தூசியோ கலந்த டீசல் அவற்றைக் கெடுத்துவிடும். பல மாடல்களில் புகையைச் சுத்தமாக்க யூரியா கரைசலும் ஊற்ற வேண்டியிருக்கும்.

ஆக, 250 நியூட்டன் மீட்டர் என்ற எண்ணை மட்டும் பார்த்து ஊருக்குள் ஓட்ட டீசல் வாங்குவது, என் பார்வையில், மிக மோசமான தேர்வு. வாரத்தில் பல நாள் நெடுந்தூரம், முழுச் சுமை, மலைப்பாதை, டிரெய்லர் என்று இருப்பவருக்கு அதை மிஞ்ச மற்ற மூன்றாலும் முடியாது.

## சிஎன்ஜி

பெட்ரோல் எஞ்சினையே வாயுவில் ஓட்டும்போது திறன் பத்து சதவீதத்துக்கு மேல் குறைகிறது. வாயுவில் சக்தி குறைவு என்பதால் அல்ல. பெட்ரோல் ஆவியானாலும் உள்ளே போகும் கலவையில் இரண்டு சதவீத இடத்தைத்தான் பிடிக்கும். மீத்தேன் ஒன்பது சதவீதத்துக்கு மேல் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்த அளவுக்குக் காற்று குறைகிறது. பெட்ரோல் ஆவியாகும்போது கிடைக்கும் குளிர்ச்சியும் வாயுவில் இல்லை.

இதில் எனக்கு வருத்தம் ஒன்று உண்டு. மீத்தேனின் ஆக்டேன் எண் (நாக்கிங்கைத் தாங்கும் அளவு) 120-ஐத் தொடும். அழுத்த விகிதத்தைப் பெட்ரோலை விட நன்றாக உயர்த்தி, போன திறனில் ஒரு பகுதியை மீட்கலாம். ஆனால் அதே எஞ்சின் பெட்ரோலிலும் ஓட வேண்டும் என்பதால் அந்த வாய்ப்பு வீணாகிறது.

சிலிண்டர் 200 பார் அழுத்தம் தாங்க வேண்டும், எனவே கனமானது. திறன் குறைந்த எஞ்சினுக்கு எடையும் கூடுகிறது, டிக்கியும் போகிறது. சிலிண்டரைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை சோதனைக்குக் கொடுக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கும் வால்வு சீட்டும் பெட்ரோலை விடச் சீக்கிரம் தேயலாம். நிரப்பக் காத்திருக்கும் நேரத்தையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவுக்குப் பிறகும், சமவெளியில், ஒன்றிரண்டு பேரோடு, தினமும் அதிக தூரம் ஓடும் வண்டிக்கு எரிபொருள் செலவில் இது தரும் மிச்சம் பல ஊர்களில் பெரியது. அப்படி ஓட்டுபவருக்குப் போன பத்து சதவீதம் ஒரு குறையே அல்ல.

## ஆக்டேன், எத்தனால், மின்சாரம்

அதிக ஆக்டேன் பெட்ரோல் போட்டால் பிக்கப் கூடுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஆக்டேன் என்பது நாக்கிங்கைத் தாங்கும் அளவு, சக்தியின் அளவு அல்ல. கையேட்டில் அதிக ஆக்டேன் கேட்கும் டர்போ எஞ்சினுக்குப் போடுங்கள், பலன் உண்டு. சாதாரணப் பெட்ரோலே போதும் என்று வடிவமைத்த எஞ்சினில் போட்டால் பணம் போவதுதான் மிச்சம்.

இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில் லிட்டருக்கு வெப்பம் சுமார் ஏழு சதவீதம் குறைவு, மைலேஜ் அந்த அளவை ஒட்டிக் குறையலாம். ஆனால் காற்றுக் கணக்கின்படி திறன் குறைய வேண்டியதில்லை. அதற்கேற்ப டியூன் செய்த எஞ்சினில் சற்றுக் கூடவும் செய்யும்.

மின்மோட்டார் இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறது. சுழலத் தொடங்கும் நொடியிலேயே முழு டார்க். 250 நியூட்டன் மீட்டர் மோட்டார் ஒன்று 4000 ஆர்பிஎம் வரை அதைத் தாங்கிப் பிடித்தால் அங்கே 142 பிஎஸ். அதன்பின் டார்க் குறையும், திறன் ஏறக்குறைய அப்படியே நிற்கும். ஊருக்குள் எந்த எஞ்சினும் இதனுடன் போட்டியிட முடியாது. பேட்டரி தீரும் நிலையிலும் கடுங்குளிரிலும் திறன் குறையும் என்பதை மட்டும் கணக்கில் வைக்க வேண்டும்.

## ஓட்டிப் பார்க்கும்போது

காலி வண்டியை, காலிச் சாலையில் ஓட்டிப் பார்த்தால் நான்குமே நன்றாகத்தான் இருக்கும். உங்கள் வீட்டார் நால்வரை ஏற்றிக்கொண்டு, ஏசியைப் போட்டு ஓட்டுங்கள். மூன்றாவது கியரில் 30 கிலோமீட்டர் வேகத்தில், கியரை இறக்காமல் மிதித்துப் பாருங்கள். வண்டி இழுக்கத் தொடங்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதில் 1500 ஆர்பிஎம் நிரல் தெரிந்துவிடும். பிறகு 60-லிருந்து 100 வரை, ஓவர்டேக்கில் நீங்கள் வழக்கமாகப் போடும் கியரில். ஆட்டோமேட்டிக் என்றால் சட்டென்று முழுக்க மிதித்து, கியர் இறங்க எவ்வளவு தாமதமாகிறது என்று கவனியுங்கள்.

சிஎன்ஜி வண்டியென்றால் பெட்ரோலுக்கும் வாயுவுக்கும் மாற்றும் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பல மாடல்கள் பெட்ரோலில் கிளம்பிச் சற்றுச் சூடான பிறகே வாயுவுக்கு மாறும். மாறிவிட்டது என்று விளக்கு காட்டிய பின்னரே ஏற்றத்தில் ஏற்றுங்கள்.